சேற்றில் அமைதி கிடைக்காது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்தி வைத்திருந்து, மெதுவாக எடுத்து நீட்டி, உங்களிடம் ஒரு ‘அடடா’ வாங்கிக்கொள்ளும் வித்தை எனக்குத் தெரியும். இந்த முறை அதற்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். மலைமேல் ஒரு தங்கும் குடிலில் இருபத்து நான்கு பேர் உட்கார்ந்து சூப்புக் குடித்துக்கொண்டிருந்தோம். மாலை ஏழாகப் பத்து நிமிடம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. கதவு திறந்தது. நெஞ்சிலிருந்து கால்வரை சேறு அப்பிய ஒரு பெண், தன் காலுக்குப் பொருந்தாத ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்து நின்றாள். நான் சிரித்தேன். நீளமான சிரிப்பில்லை, ஒரு தும்மல் நேரம்கூட இருக்காது. அந்தப் பெண் என் அக்கா.

(‘அந்தப் பெண் என் அக்கா’ என்பதைப் பத்தியின் கடைசியில் வைத்ததும் வித்தைதான். பழக்கதோஷம். இருக்கட்டும்.)

பிழைப்புக்கு நான் சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். ‘கதவைச் சரியாக மூடவும்’, ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ போன்ற அமர வரிகள் என்னுடையவை. கதை, ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்தக் கதையை எழுத அக்காவிடம் அனுமதி கேட்டேன். அவள் இருபத்தாறு வருஷமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். வக்கீல் கேட்பதையும் சாட்சி உளறுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எடுப்பவள். யாராவது ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று இழுத்தால், நீதிபதி அவள் பக்கம் திரும்புவார். அவள் குறிப்பேட்டின் தாளைத் திருப்பி வாசிப்பாள். அந்தக் குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. அதற்குப் பிறகு யாரும் இழுத்ததில்லை.

“எழுதிக்கோ,” என்றாள். “நான் சொல்லாதத நான் சொன்னதா எழுதாத. நீ சொன்னத நீ சொல்லலன்னும் எழுதாத.”

இரண்டாவது நிபந்தனை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘மழை, மலையின் தோளில் போர்த்திய வெள்ளைச் சால்வை போல—’

(நிறுத்திவிட்டேன். அன்று பெய்த மழையைச் சால்வை என்று எழுதுகிறவன் அதில் நனைந்திருக்க முடியாது. அது முகத்தில் அறைந்த மழை.)

இரண்டாம் தொடக்கம்: ‘நெடும்பாதையில் நடப்பது என்பது மனிதர் தம்மைத் தாமே சந்திக்கும்—’

இதை அக்கா படித்துவிட்டு, பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: ‘நான் யாரையும் சந்திக்கல. சந்திக்க வேண்டிய ரெண்டு பேரும் முன்னாடி போயிட்டாங்க.’

மூன்றாம் தொடக்கத்தில் ஒரு பறவை வந்தது. பறவையைத் துரத்திவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடைப்பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் அமைதி அடைந்துவிடுகிறார்கள். இருபதாம் பக்கத்தில் கால் கொப்புளம், நூறாம் பக்கத்தில் சேறு, இருநூறாம் பக்கத்தில் ஞானம். சேறு அவர்களுக்கு ஏதோ மருந்துப் பூச்சு. அதைப் பூசிக்கொண்டால் விவாகரத்தும் துக்கமும் வேலை போனதும் வடிந்துவிடுமாம். நானும் அப்படித்தான் எழுதினேன், முதல் படியில். அக்கா சேற்றில் சிக்கினாள், போராடினாள், தன்னைக் கண்டடைந்தாள், கண்ணீர் மல்கக் குடிலுக்கு வந்து எங்களைக் கட்டிக்கொண்டாள். பதினொரு பக்கம். அவள் படித்து முடித்துவிட்டு, பதினொன்றையும் குறுக்கே மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ் வைத்தாள். மேசை ஆடுவது நின்றது. அந்தப் படியால் கிடைத்த நன்மை அவ்வளவுதான்.

3

இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

பாதை பதினான்கு நாள் பாதை. நடந்தவர்கள் மூன்று பேர்: அக்கா, அவள் கணவர், நான். திட்டம் அத்தானுடையது. விடுப்பு அக்காவுடையது, மூன்று வருஷம் சேர்த்து வைத்திருந்தாள். அவள் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். பதினான்கு நாள் யார் பேச்சையும் எடுக்க வேண்டாம். காதுக்கு ஓய்வு.

அத்தான் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியர். கால அட்டவணை போடுபவர். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்பறைகள், ஒரே ஒரு ஆய்வகம் என்று எதைக் கொடுத்தாலும் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் கட்டத்துக்குள் அடைத்துவிடுவார். எங்கள் நடைக்கும் அட்டவணை உண்டு. மழையில் நனையாமல் இருக்க நெகிழி உறை போட்டு, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

(அத்தானைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குத் தோள் வலித்தபோது ஆறு கிலோமீட்டர் அவள் பையையும் சேர்த்துச் சுமந்தவர் அவர். ஐந்தாம் நாள் ஊசியைத் தீயில் காட்டி அவள் குதிகால் கொப்புளத்தை உடைத்து, ஊதி ஊதி மருந்து போட்டவர். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இந்த மாதிரி ஆள்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அக்கா கேட்டாள்.)

ஒன்பதாம் நாள்தான் எல்லாவற்றிலும் நீளமான நாள். இருபத்தேழு கிலோமீட்டர். அட்டவணைப்படி காலை ஆறரைக்குக் கிளம்பி, மாலை ஐந்துக்குள் அடுத்த குடில். வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ‘இளைப்பாறல்: 10 நிமிடம்’.

4

ஆறரைக்கே மழை. எங்களுக்கு முன்னால் யாரோ மாட்டுமந்தையை அந்த வழியாக ஓட்டிப் போயிருந்தார்கள். பாதை என்று ஒன்று இல்லை. குளம்படிகளில் தேங்கிய தண்ணீரும், நடுவில் நடுவில் கொஞ்சம் மண்ணும்தான். முதல் ஒரு மணி நேரம் அக்கா கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்து தேர்ந்து வைத்தாள். பிறகு தேர்வதை விட்டுவிட்டாள். இரண்டு முறை விழுந்தாள். முதல் முறை அத்தான் கை கொடுத்தார். இரண்டாம் முறை அவர் ஐம்பது அடி முன்னால் இருந்தார். திரும்பிப் பார்த்து, அவள் எழுந்துவிட்டதைப் பார்த்து, தலையாட்டிவிட்டு நடந்தார்.

சேற்றில் நடப்பதில் வலியைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு என்பாள் அவள். ஒவ்வொரு அடியையும் இரண்டு தடவை நடக்க வேண்டும். ஒரு தடவை வைக்க, ஒரு தடவை பிடுங்க. இருபத்தேழு கிலோமீட்டர் ஐம்பத்துநான்கு ஆகிவிடும். அதை அட்டவணையில் யாரும் போடவில்லை.

பத்து இருபதுக்கு ஓர் ஓடை வந்தது. கல்மேல் கால் வைத்துத் தாண்டும்போது அவளுடைய இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து, வாயைத் திறந்தது. இன்னும் நாலு அடி வைத்தபோது குதிகால்வரை கழன்று தொங்கியது. அவள் கரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தான் ஷூவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு ஷூவுக்காக மூணு பேரும் நிக்க முடியாது,” என்றார். “நீ மெதுவா வா. பாதை பிரியிற எடத்துல நாங்க நிக்கிறோம்.”

அவர்கள் இருவரும் நடந்தார்கள். அக்கா கழுத்துத் துணியை நீளவாக்கில் கிழித்து, ஷூவைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இருபது அடிக்கு ஒரு தடவை அது நழுவியது. இருபது அடிக்கு ஒரு தடவை குனிந்தாள்.

5

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் பாதை பிரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

வழிகாட்டிப் பலகை காற்றில் விழுந்து, முகம் குப்புறக் கிடந்தது. புரட்டிப் பார்த்தாள். அம்புக்குறி இருந்தது. கம்பம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று தெரியாமல் அம்புக்குறியை வைத்து என்ன செய்வது? ஒரு வழி மேலே ஏறியது. ஒரு வழி கீழே இறங்கியது. இரண்டிலும் தண்ணீர் ஓடியதால் காலடி எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் பக்கத்தில் ஒரு பாறை, கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மழை படாத ஈர மண்ணில் இரண்டு ஜோடி ஷூ தடங்கள் இருந்தன. ஒன்று அத்தானுடையது; வலது குதிகால் தேய்ந்தது. இன்னொன்று என்னுடையது. நடுவில் ஓர் ஆரஞ்சுத் தோல், அறுபடாமல் ஒரே சுருளாக. அத்தானைத் தவிர யாரும் அப்படி உரிக்க மாட்டார்கள்.

அவள் அந்தத் தோலைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றாள். ஓர் ஆரஞ்சைப் பொறுமையாக உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, இரண்டு பேர் தின்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம். அட்டவணையில் போட்டிருந்த அதே பத்து நிமிடம். அவர்கள் அவளுக்காக நிற்கவில்லை. அட்டவணைக்காக நின்றார்கள்.

இரண்டு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை கூப்பிட வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் தன்னை முதன்முதலில் கோபப்படுத்தியது என்று சொன்னாள். தொலைத்தவர்கள் வெட்கப்படவில்லையே, தொலைந்தவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

கீழ்வழியில் இறங்கினாள். அது தவறான வழி.

6

(நாங்கள் ஏன் நிற்கவில்லை என்று இங்கே ஒரு விளக்கப் பத்தி இருந்தது. குளிர், மழை, நேரம், நம்பிக்கை எல்லாம் அதில் வந்தன. நன்றாகவே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

7

கீழ்வழி ஒரு சதுப்புக்குப் போயிற்று. அதன்மேல் நடக்க மரப்பலகைகள் பதித்திருந்தார்கள். நூறு அடிவரை பலகைகள் இருந்தன. பிறகு ஒன்று விட்டு ஒன்று. பிறகு அவள் கால் வைத்த பலகை சத்தமே இல்லாமல் நடுவில் உடைந்தது. உளுத்துப்போன பலகை, பிஸ்கட் தண்ணீரில் ஊறி உடைவது போல.

முதலில் முழங்கால். வலது காலை இழுக்கப் பார்த்ததில் இடது கால் இறங்கியது. இரண்டு நிமிடத்தில் தொடைவரை சேறு. அது குளிர்ந்து, கனத்து, நாலா பக்கமும் ஒரே சீராக அழுத்தியது. அசைந்தால் இறங்கியது. அசையாவிட்டால் குளிர் ஏறியது.

‘அந்தக் கணத்தில் அவளுக்குள் ஒரு மௌனம்—’

(இதை அக்கா இரண்டு தடவை அடித்திருக்கிறாள். இரண்டாம் தடவை தாளே கிழிந்துவிட்டது.)

மௌனம் எல்லாம் இல்லை. அவளுக்குள் ஒரே இரைச்சல். செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் வந்தது. ஆனால் அதைவிட அசிங்கமான இன்னொரு பயம் கூடவே வந்தது. செத்தால், ‘பாவம், அவளுக்கு நடக்க வராது, நாங்கள் எவ்வளவோ சொன்னோம்’ என்று அத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஆசிரியர்கள் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அந்தக் காட்சி கண்முன் அவ்வளவு தெளிவாக ஓடியது. இதற்காகவே சாகக் கூடாது என்று முடிவெடுத்தாள்.

முதுகுப்பையைக் கழற்றி முன்னால் போட்டாள். அதன்மேல் நெஞ்சை வைத்துக் குப்புறப் படுத்தாள். வலது காலை விரல் விரலாக அசைத்து ஷூவுக்குள்ளிருந்து உருவினாள். ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு இடது கால். கழுத்துத் துணி, கழன்ற அடிப்பாகம், முடிச்சு எல்லாம் உள்ளே போயின. பையைக் கை நீளத்துக்குத் தள்ளுவாள், அதன்மேல் ஊர்வாள், மறுபடி தள்ளுவாள். அடுத்த பலகை ஒன்பதடி தூரத்தில் இருந்தது. ஒன்பதடிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

கரையேறி ஒரு மரத்துண்டின்மேல் வெறும் காலோடு உட்கார்ந்து, அவள் கெட்ட வார்த்தை பேசத் தொடங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் குடும்ப வழக்கு, அடிதடி வழக்கு, எல்லைத் தகராறு என்று எத்தனையோ சாட்சிகள் சொன்னதை முகம் மாறாமல் எடுத்து எழுதியவள் அல்லவா? அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாக, எந்த வழக்கில் வந்தது என்ற நினைவோடு, உரக்கச் சொன்னாள்.

8

“கடைசியா சொன்னது எனக்குப் புதுசுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண், கையில் கடப்பாரையோடு நின்றிருந்தாள். பலகைப் பாதையைப் பராமரிக்கிற தொழிலாளி. மறுமுனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். அக்காவின் காலைப் பார்த்தாள், உடைந்த பலகையைப் பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்தது. அது வேறு கோபம். அந்தப் பலகைகள் உளுத்துவிட்டன என்று ஆறு தடவை எழுதிப் போட்டாளாம். மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைப் பலகை அனுப்பினார்களாம். அதையும் மறுமுனையில்தான் நட முடிந்ததாம், ஏனென்றால் உத்தரவில் அப்படி எழுதியிருந்தது.

தன் வண்டிக்குக் கூட்டிப்போய், பழைய துணியால் காலைத் துடைத்துவிட்டு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள். இரண்டு அளவு பெரிசு. உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்தார்கள். தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அக்கா முகமும் கையும் கழுவிக்கொண்டாள்.

கூட யாரும் வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். வந்தார்கள் என்றாள் அக்கா. அந்தப் பெண் வண்டியில் சாலைவரை கொண்டுபோய் விடுவதாகவும், நாலே காலுக்கு ஒரு பேருந்து இருப்பதாகவும் சொன்னாள். அதில் ஏறினால் ராத்திரிக்குள் வீடு. குடிலுக்கு வண்டி போகாது; காட்டு வழியில் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அக்கா ஒன்பது கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தாள்.

ஏன்? முதல் படியில் ‘அன்பு அவளை இழுத்தது’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அக்கா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

“நான் பஸ் ஏறிப் போயிருந்தா நீங்க பயந்திருப்பீங்க,” என்றாள். “தேடியிருப்பீங்க. அழுதிருப்பீங்க. அப்பறம் எங்கள இப்படிப் பதற விட்டுட்டியேன்னு என்மேல கோவப்பட்டிருப்பீங்க. என் கோவத்த உங்களுக்குத் தூக்கிக் குடுக்க நான் தயாரா இல்ல. அது எனக்கு வேணும்.”

9

இப்போது குடில்.

அத்தானும் நானும் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டோம். அட்டவணைக்கு முன்னதாக. காலுறைகளைப் பிழிந்து அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் போட்டோம். ஐந்தரைக்குச் சூப்பு வந்தது. இன்னும் வரவில்லையே, குடில்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்று கேட்டேன். சூப்பு முடியட்டும், அதற்குள் வந்துவிடுவாள் என்றார் அத்தான். சரி என்றேன்.

ஆறு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. நான் சிரித்தேன். அதைச் சொல்லிவிட்டேன்.

அத்தான் கரண்டியைக் கீழே வைக்காமலே எழுந்தார். “எங்க போன? ரெண்டு மணி நேரமா நாங்க எப்படிப் பதறிட்டிருக்கோம் தெரியுமா?”

அக்கா கதவைச் சாத்தினாள். மேசைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் வாயிலிருந்து வந்தது நான் வீட்டில் ஒரு நாளும் கேட்காத குரல். நீதிமன்றத்தில் குறிப்பேட்டைத் திருப்பி வாசிக்கிற குரல் அதுதான் என்று பிறகு புரிந்தது. கையில் குறிப்பேடு இல்லை.

“காலை பத்து இருபது. ஓடைக்கரை,” என்றாள். “இவர் சொன்னது: ஒரு ஷூவுக்காக மூணு பேரும் நிக்க முடியாது. நீ மெதுவா வா. பாதை பிரியிற எடத்துல நாங்க நிக்கிறோம். நான் சொன்னது: சரி, ஒட்டுற டேப்ப மட்டும் குடுத்துட்டுப் போங்க. தம்பி சொன்னது: டேப்பு பைக்கு அடியில இருக்கு, மழையில பிரிச்சா எல்லாம் நனைஞ்சுரும், அங்க வந்து தர்றேன். நான் சொன்னது: தம்பி, அடி கழண்டு தொங்குதுடா. தம்பி சொன்னது: அக்கா சமாளிச்சுக்கும் அத்தான், வாங்க போலாம்.”

(நான்காம் பகுதியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். இந்த வாக்கியங்கள் அதில் இல்லை. அத்தான் பேசியதை மட்டும் எழுதிவிட்டு, நான் பேசியதை எடுத்துவிட்டேன். டேப்பையும் எடுத்துவிட்டேன். கழுத்துத் துணியைக் கிழித்ததை மட்டும் விட்டுவைத்தேன், அதில் அவளுடைய சாமர்த்தியம் தெரிகிறதென்று. இப்போதாவது சேர்த்துவிடலாம். சேர்க்கப் போவதில்லை. எடுத்தது எடுத்த இடத்திலேயே ஓட்டையாகத் தெரியட்டும்.)

அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டே முக்கால், பாதை பிரியும் இடம், யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். இரண்டு ஜோடித் தடம், ஓர் ஆரஞ்சுத் தோல் என்றாள். ஒன்றே முக்கால், சதுப்பு, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். குரல் ஏறவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. இருபத்து நான்கு பேரில் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. அடுப்பின்மேல் எங்கள் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டி ‘சுர்’ரென்றது.

“எல்லார் முன்னாடியுமா?” என்றார் அத்தான், மெதுவாக.

“ஆறு ஐம்பத்திரண்டு,” என்றாள் அக்கா. “இவர் சொன்னது: எல்லார் முன்னாடியுமா.”

பிறகு பூட்ஸைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு, குளியலறை எங்கே என்று குடில்காரரிடம் கேட்டுக்கொண்டு போனாள். சூப்பு தீர்ந்துவிட்டிருந்தது. மேசையின் கடைசியில் இருந்த ஒரு கிழவர் தன் ரொட்டியை எடுத்து, ஒரு சுத்தமான தட்டில் வைத்து, அவள் வரும்வரை மூடி வைத்திருந்தார். அந்த அறையில் அன்று நடந்த ஒரே உருப்படியான காரியம் அது.

10

அதற்குப் பிறகு என்ன? மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவர்கள் மறுநாள் கைகோத்து நடக்கிறார்கள். மேசைக்காலுக்குக் கீழே இருப்பது இதுதான்.

இரண்டாவதில் அக்கா அத்தானைவிட்டுப் பிரிகிறாள். சூடான முடிவு. எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா கேட்டாள், அவளும் அவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரிய வேண்டும் என்று. வாசகர்களுக்கு என்றேன். “அவங்க யாரு?” என்றாள். ஆகவே அது இங்கே இல்லை.

மூன்றாவது நிஜமாக நடந்தது. ஆனால் அது ஒரு முடிவு என்று சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள் காலை நாங்கள் எழுவதற்குள் அக்கா கிளம்பிவிட்டாள். அதே ரப்பர் பூட்ஸில். மீதி இருந்த ஐந்து நாளும் தனியாக, எங்களுக்கு முன்னால் நடந்தாள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அவள் இருந்தாள். கல்லின்மேல், வேலியின்மேல், ஒரு தடவை கொட்டும் மழையில் குடைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நாங்கள் வழியில் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதித்துப் பார்த்தோம். அப்போதும் இருந்தாள். நாங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் எழுவாள். சரியான வழி எதுவோ அந்தப் பக்கம் ஒரு தடவை கையைக் காட்டுவாள். போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. அத்தான் பன்னிரண்டாம் நாளிலிருந்து கழுத்து அட்டவணையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேகமாகவும் நடந்து பார்த்தார். அவளைப் பிடிக்க முடியவில்லை.

அதைவிட மோசமான தண்டனையை நான் அனுபவித்ததில்லை. இது தண்டனை என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நின்றாள், அவ்வளவுதான், நிற்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்றாள்.

11

அக்கா படித்தது பத்தாம் பகுதிவரை. போன ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தாள். இந்த முறை அடித்தல் குறைவு. கடைசித் தாளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்வி: ‘எதுக்குச் சிரிச்ச?’

இத்தனை மாதமாக அவள் கேட்காத கேள்வி. பதில் எழுதிப் பார்க்கிறேன்.

சேறு அப்பிய முகம் வேடிக்கையாக இருந்ததால்— (பொய். முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். எட்டாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.)

பதற்றத்தில் சிலருக்குச் சிரிப்பு வருமாம், அது உடம்பின்— (கையேட்டு நடை.)

அவளை உயிரோடு பார்த்த நிம்மதியில். (இது உங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். அக்காகூட இதை ஏற்றுக்கொண்டுவிடக்கூடும். அதனாலேயே எழுதக் கூடாது.)

நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தரைக்குச் சூப்பு வந்தது. சூடாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் மருத்துவர் ஒருவர், தன்னிடம் வந்த நோயாளி தூங்கிக்கொண்டே விரலைக் கடித்த கதையைச் சொன்னார். நன்றாகச் சொன்னார். நான் பதிலுக்கு ஒன்று சொன்னேன். கால் சூடேறியது. நேரம் போயிற்று. கதவு திறந்தபோது, யார் இது, இந்தக் கோலத்தில், என்று நினைத்தேன். அப்புறம்தான் அக்கா என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் அந்தச் சிரிப்பு. நான் அவளுக்காகப் பதறவில்லை. வருவாள் என்று நம்பிக்கொண்டும் இருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக, அப்படி ஒருத்தி எங்களோடு வந்தாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இதை இன்னும் அவள் பார்க்கவில்லை. கொடுத்தால் அவள் கேட்டதற்கு உண்மையான பதில் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கொடுக்காவிட்டால் நிம்மதி என்ற பதிலைச் சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நான் முடிவெடுக்கப் பார்த்தேன். கை எனக்குச் சாதகமான பக்கமாகவே போகிறது. ஆகவே நீங்கள் எடுங்கள். எழுத்தாளனிடம் இரக்கம் காட்டித் தொலைக்காதீர்கள். ‘அவங்க சமாளிச்சுக்குவாங்க’ என்று நீங்கள் யாரைப் பற்றியாவது சொல்லியிருப்பீர்கள். அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இன்று ஞாயிறு, மணி பதினொன்று. அக்கா வீட்டில்தான் இருப்பாள். இங்கிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம். நடந்தே போய்விடலாம்.